பச்சை காணாமற்போன படம்

என் பாட்டியின் 80ஆவது பிறந்தநாளன்று பினாங்குத் தீவின் எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் உள்ள மாமா வீட்டில் இலை போட்டு விருந்து நடந்தது. சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே நீள மேசையைப் போட்டு, முதல் பந்தியில் பாட்டியை நடுவில் அமர்த்தி, அவர் முன்னால் தலைவாழை இலையை விரித்தார்கள். நான் கேமராவைக் கையில் எடுத்து அப்போது நான்கு மாதங்கள்தாம் ஆகியிருந்தன. கூட்டாளி ஒருவர் பயன்படுத்திய பழைய கேமராவை வாங்கி, விடுமுறை நாள்களில் படகேறி ஜார்ஜ் டவுனுக்குப் போய்த் தெருத் தெருவாகப் படம் பிடித்துப் பழகிக்கொண்டிருந்த காலம் அது. அன்று மட்டும் 300க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தேன். இரவே உட்கார்ந்து, இணையத்தில் 39 வெள்ளிக்கு வாங்கியிருந்த, படத்தின் நிறத்தை மாற்றும் பிரீசெட் தொகுப்பிலிருந்து எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அத்தனை படங்களுக்கும் ஒரே சொடுக்கில் ஏற்றி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் காலையில் அத்தை அழைத்தார். “படமெல்லாம் நல்லாத்தான்ப்பா இருக்கு. ஆனா இலை மட்டும் ஏன் வாடிப்போன மாதிரி தெரியுது? அன்னிக்குக் காலையிலதானே அறுத்துட்டு வந்தோம்?” என்று கேட்டார். படத்தைத் திறந்து பார்த்தேன். இலை காய்ந்த சருகின் நிறத்தில் இருந்தது. அதன்மேல் இருந்த அவரைப் பொரியல் பழுப்பாகவும், சோறு பழைய தாளின் நிறத்திலும் கிடந்தன. அதற்குச் சற்று நேரம் கழித்து அம்மா கேட்ட கேள்விதான் என்னை இன்றுவரை விடாமல் இருக்கிறது. பாட்டி இலைக்கு நீர் தெளிக்கும் படத்தைக் காட்டி, “பாட்டி கையில பச்சை எங்க?” என்றார்.

பாட்டியின் வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, சிறுமியாக இருந்தபோது குத்திய பச்சை உண்டு. புள்ளிகளைச் சுற்றி ஓடும் ஒரு சிறு கோலமும், அதன்கீழ் ஒரு கொடியும். பிள்ளைகளாக இருந்த காலத்தில் அவர் மடியில் படுத்துக்கொண்டு அந்தப் புள்ளிகளை எண்ணித்தான் நாங்கள் எண்ணவே கற்றோம். நான் அனுப்பிய படத்தில் அந்தக் கை வழவழப்பாக, வெளிறிய செம்மஞ்சள் நிறத்தில், எந்தக் குறியும் இல்லாமல் இருந்தது. அதை நான் அழிக்கவில்லை; அழிப்பதற்குரிய எந்தக் கருவியையும் தொடவில்லை. அப்படியானால் அது எங்கே போனது என்று தேடத் தொடங்கியபோதுதான் படத்தைத் திருத்துவது என்றால் என்ன என்பதை நான் கற்கத் தொடங்கினேன் என்று சொல்ல வேண்டும்.

பிரீசெட் என்பது படத்தைப் பார்த்து முடிவெடுக்கும் ஒன்றன்று. அது எண்களின் பட்டியல். வேறொருவர், வேறோரிடத்தில், வேறொரு வெளிச்சத்தில் எடுத்த தம்முடைய படத்துக்காக ஒவ்வொரு ஸ்லைடரையும் (நிறத்தையும் வெளிச்சத்தையும் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை) எங்கே நிறுத்தினாரோ அந்த நிலைகளை அப்படியே சேமித்துக் கொடுத்தால் அதுதான் பிரீசெட். நம் படம் ஏற்கெனவே வெளிச்சம் கூடியதா குறைந்ததா என்று அது கேட்பதில்லை. அண்மைக் காலத்தில் வானத்தையும் மனித உருவத்தையும் தனித்தனியே கண்டுகொண்டு வேலை செய்யும் பிரீசெட்டுகள் வந்துள்ளன. அவையும் படத்தில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதைக் கண்டுகொள்ளுமேயன்றி, அவர் எந்த நிறத்தவர், எந்த விளக்கின் கீழ் அமர்ந்திருக்கிறார் என்பது அவற்றுக்குப் பொருட்டில்லை. இன்ஸ்டாகிராம் 2010 அக்டோபரில் வெளிவந்தபோதே ஃபில்டர்களோடுதான் வந்தது. அந்த ஃபில்டரைப் போட்டு வெளியிட்ட படத்தில் அது கலந்து உறைந்துவிடும். லைட்ரூம் போன்ற படத்திருத்தச் செயலிகளில் வரும் பிரீசெட் அப்படியல்ல: மூலப்படம் தொடப்படாமல் இருக்கும், எந்த ஸ்லைடர் எவ்வளவு நகர்ந்தது என்பதைத் திறந்து பார்க்கலாம். எனக்கு மீட்சி கொடுத்தது இந்த ஒரு வேறுபாடுதான்.

திறந்து பார்த்தேன். லைட்ரூமில் நிறங்கள் எட்டுப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலப்பச்சை, நீலம், ஊதா, மெஜந்தா. ஒவ்வொன்றுக்கும் சாயல், செறிவு, ஒளிர்வு என மூன்று ஸ்லைடர்கள் உண்டு. நான் வாங்கிய பிரீசெட்டில் பச்சையின் சாயல் மஞ்சளை நோக்கித் தள்ளப்பட்டு, செறிவு பாதிக்கும் கீழே இறக்கப்பட்டிருந்தது. குளிர்நாட்டுப் பைன் காட்டில் மணமக்களை நிறுத்திப் படம் எடுப்பவருக்கு இது அறிவுள்ள தேர்வு. பின்னணியில் உள்ள புல்லும் மரமும் கண்ணை இழுக்காமல் அடங்கிவிடும், முகங்கள் மேலெழும். ஆனால் பச்சையே உணவுக்குத் தட்டாக இருக்கும் ஒரு வீட்டில், பச்சையே புதுமைக்கும் மங்கலத்துக்கும் அடையாளமாக இருக்கும் ஒரு விருந்தில், அதே எண்கள் இலையை வாட வைத்துவிட்டன.

பாட்டியின் கைக்கு நேர்ந்தது இன்னும் நுட்பமானது. மனிதர் தோல், எந்த இனத்தவருடையதாக இருந்தாலும், பெரும்பாலும் ஆரஞ்சுப் பிரிவுக்குள்ளேயே விழுகிறது; வெளுப்புக்கும் கருமைக்கும் உள்ள வேறுபாடு பெரிதும் ஒளிர்விலும் செறிவிலும்தான் இருக்கிறது. அந்தப் பிரீசெட் ஆரஞ்சின் ஒளிர்வை நன்றாக உயர்த்தியிருந்தது. நிழல் பகுதிகளையும் உயர்த்தியிருந்தது. நீலத்தையும் நீலப்பச்சையையும் ஏறத்தாழ வற்ற வைத்திருந்தது. தோலின் இழைநயத்தைக் குறைத்து மென்மையாக்கியிருந்தது. 70 ஆண்டுப் பழைய பச்சை, தோலுக்கடியில் நீலம் கலந்த சாம்பலாக மட்டுமே தெரியும்; சுற்றியுள்ள தோலுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு மிக மெல்லியது. இந்த மாற்றங்கள் எல்லாம் சேர்ந்து அந்த மெல்லிய வேறுபாட்டைத் தின்றுவிட்டன.

இதில் நான் மறைக்க விரும்பாத ஒன்று உண்டு. குழுவில் பலருக்கும் அந்தப் படங்கள் பிடித்திருந்தன. “பாட்டி எவ்வளவு கலரா இருக்காங்க!” என்று எழுதினார்கள். பாட்டிக்கும் பிடித்திருந்தது. ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய காலம் முழுவதும் தம் நிறத்தைச் சொல்லியே பிறர் தம்மை அழைத்ததைக் கேட்டு வளர்ந்தவர் அவர். வெளிறிய தம் முகத்தைக் கைப்பேசியில் பார்த்து அவர் மகிழ்ந்ததை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த மகிழ்ச்சியை அவருக்குக் கொடுத்தது நான் அல்ல, நான் படித்துக்கூடப் பார்க்காத எண்களின் பட்டியல் என்பதும், அந்தப் பட்டியல் அவரைப் பார்க்காமலே அவரை மாற்றியது என்பதும் எனக்குத் தாங்கவில்லை.

இந்தக் குறை இணையக் காலத்தில் பிறந்ததன்று. வண்ணப்படச் சுருள் பரவிய நாள்களில், கோடாக் நிறுவனம் அச்சிடும் கூடங்களுக்கு ஒரு மாதிரிப்படத்தை அனுப்பியது. அதில் இருந்தவர் வெள்ளைத்தோல் கொண்ட பெண். முதலில் அமர்ந்த பெண்ணின் பெயரால் ‘ஷெர்லி அட்டை’ என்றே அது அழைக்கப்பட்டது. அவருடைய தோல் சரியாக வந்தால் அச்சு சரி என்பது அளவுகோல். கருந்தோல் மக்களின் முகங்கள் அந்தச் சுருள்களில் விவரமிழந்து இருண்டு போயின. அடர்பழுப்பு நிறங்களைப் பதிவதில் சுருள்கள் பின்னர் மேம்பட்டதற்கு, சாக்லேட் தயாரிப்பாளர்களும் மரத்தளவாடத் தயாரிப்பாளர்களும் தங்கள் பொருள்களின் நிறம் சரியாக வரவில்லை என்று முறையிட்டது ஒரு காரணம் என்று அந்நிறுவனத்தில் பணியாற்றியவரே பின்னாளில் கூறியிருக்கிறார். பல நிறத்தவர்களும் ஒன்றாக அமர்ந்த மாதிரிப்படம் 1990களில்தான் வந்தது. ஆகவே, ஒருவரின் தோலை அளவுகோலாக வைத்து மற்றவர்களைத் திருத்துவது பழைய வழக்கம். இன்றைய பிரீசெட்டின் விளம்பரத்தில் ‘முன்’ என்றும் ‘பின்’ என்றும் அருகருகே காட்டப்படும் இரண்டு படங்களில் யாருடைய தோல் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள் என்று புதிதாகத் தொடங்குபவர்களிடம் நான் சொல்வது இதனால்தான்.

அதன்பிறகு ஓராண்டு எந்தப் பிரீசெட்டையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். முதல் வாரங்கள் கடினமாக இருந்தன. என் படங்கள் அனைத்தும் எனக்கே சோர்வாகத் தெரிந்தன. அந்தச் சோர்வில் பாதிக்குக் காரணம் திருத்தம் அல்ல, வெளிச்சம் என்பது மெல்லத்தான் புரிந்தது. பினாங்கில் வெயில் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1ஆம் தேதி அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. நம் தீவோ அந்த நேரவலயத்துக்கு மிகவும் மேற்கே இருக்கிறது. அதனால் இங்கே உச்சிப்பொழுது ஏறத்தாழ 1.20 மணிக்கு. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முற்பகுதியிலும் அந்நேரத்தில் நின்றால் நிழல் காலடியிலேயே கிடக்கும். முகத்தில் கண்குழிகள் இரண்டும் கருத்துப்போகும். மாலைப் பொன்வெயிலும் நீண்ட நேரம் தங்குவதில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் சாய்ந்து இறங்காமல் ஏறக்குறைய நேராக இறங்கிவிடுவதால், மென்மையான செவ்வொளி அரை மணி நேரம் நின்றாலே பெரிது. வடக்கே மணிக்கணக்கில் தங்கும் சாய்வொளியில் எடுத்த படத்துக்கென்று அமைத்த எண்களை, லெபோ பாசார் தெருவில் பகல் 2 மணிக்கு எடுத்த படத்தின்மேல் போட்டால் வெள்ளை வேட்டி கிரீம் நிறமாகுமே தவிர, வெயில் பொன்னாகாது.

ஆகையால் கடைவீடுகளின் முன்னே கூரைக்கடியில் ஓடும் ஐந்தடிப் பாதைக்குள் ஒதுங்கக் கற்றுக்கொண்டேன். வெளியே சுடும் வெயில் தெருவின் தார்மேல் பட்டு, எதிர்ச்சுவரில் பட்டு, கூரைக்கடியில் மென்மையாகத் திரும்பி வரும். பூக்கட்டும் அம்மாவின் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் விழும். கருந்தோலை நிழல்கள் வடிவமைப்பதைவிட அதன்மேல் விழும் மினுக்கமே அதிகம் வடிவமைக்கிறது. நெற்றியிலும் கன்ன எலும்பிலும் அந்த மினுக்கம் சரியாக விழுந்துவிட்டால், பிறகு திருத்துவதற்கு மிகக் குறைவே இருக்கும். ஆனால் அந்தத் திரும்பி வரும் ஒளி சுவரின் நிறத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. நீலம் பூசிய கடைவீட்டின் எதிரே நின்றவரின் கன்னம் நீலமாகும். அதைக் கண்ணால் பார்க்கும்போது மூளை சரிசெய்துகொள்கிறது, கேமரா சரிசெய்வதில்லை.

இங்கேதான் ஒளியின் நிறச்சாயலை நீக்கி வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் வெள்ளைச் சமநிலை என்பதைக் கற்க வேண்டியிருந்தது. இதை ஒருவர் ஒழுங்காகக் கற்றுவிட்டால் பிரீசெட்டின் தேவையில் பெரும்பகுதி போய்விடும் என்று உறுதியாக நம்புகிறேன். ஒளியின் நிறத்தை அளக்கும் கணக்கில் குண்டு பல்பின் ஒளி ஏறத்தாழ 2,800 கெல்வின், நேர்ப்பகல் ஒளி 5,500 அளவில், திறந்த நிழல் 7,000க்கும் மேல். எண் ஏற ஏற ஒளி நீலமாகிறது. கேமரா பதிந்த தகவல் அப்படியே இருக்கும் ராக் கோப்பில் எடுத்தால் இந்த எண்ணை நேரடியாகவே மாற்றலாம். கேமராவே திருத்திச் சுருக்கித் தரும் ஜேபெக்கில் எடுத்தால் கேமரா ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதிலிருந்து சற்று அப்படியும் இப்படியும் நகர்த்தத்தான் முடியும். வெள்ளைச் சமநிலையையும் சேர்த்துச் சேமித்த பிரீசெட் ஒருவருக்கு அழகாகவும் மற்றொருவருக்கு அலங்கோலமாகவும் வருவதற்கு இது ஒரு காரணம். மேலும் ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உள்ளன. 14 பிட் ராக் கோப்பில் 16,384. கருந்தோலின் நிழல்களை ஜேபெக்கில் வலுக்கட்டாயமாக உயர்த்தினால் அங்கே தோல் தெரியாது, புள்ளி புள்ளியாக இரைச்சல்தான் தெரியும்.

வெள்ளைச் சமநிலைக்கு நடுநிலையான ஒரு பொருளைப் படத்தில் தேடி, அதன்மேல் செயலியில் உள்ள சொட்டான் கருவியால் தொட வேண்டும். இதற்கென்றே சாம்பல்நிற அட்டை விற்கிறார்கள். எனக்கு அப்படியொரு பொருள் தைப்பூசத்தில் கிடைத்தது. கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு முருகன் கோயில் உள்ள தண்ணீர்மலையை நோக்கிப் போகும் வழியெங்கும் தேங்காய்கள் மலையாகக் குவிந்து உடைபடும். நான் எடுத்த படங்களில் விடியற்காலைத் தெருவிளக்கின் மஞ்சளும், தண்ணீர்ப்பந்தல்களின் எல்.இ.டி. நீலமும் கலந்து கிடந்தன. முதலில் தேங்காயின் வெள்ளையைத் தொட்டுப் பார்த்தேன். அது பல படங்களில் அளவுக்கு மீறி வெளுத்து எந்தத் தகவலும் இல்லாமல் இருந்தது. பிறகு ஒருவரின் நெற்றியில் அடர்த்தியாகப் பூசியிருந்த திருநீற்றைத் தொட்டேன். மஞ்சள் விலகியது, தோல் தோலாக வந்தது, காவி காவியாக வந்தது. திருநீறு முழு நடுநிலை என்று சொல்லமாட்டேன். மெல்லியதாகப் பூசியிருந்தால் அடியில் உள்ள தோலின் நிறமும் சேர்ந்துவிடும். ஆயினும் நம் கூட்டத்தில் ஏறத்தாழ எல்லாப் படங்களிலும் யாரோ ஒருவர் நெற்றியில் அது இருக்கிறது.

காவியைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். அன்றைய கூட்டத்தில் உடுத்தும் மஞ்சளும் காவியும் மனிதத் தோலும் அருகருகே உள்ள நிறப்பிரிவுகளில் விழுகின்றன. தோலை அழகாக்கவென்று ஆரஞ்சின் சாயலைச் சிவப்பை நோக்கி நகர்த்தும் எந்தப் பிரீசெட்டும், அதே அசைவில் காவியைச் செங்கல் நிறமாக்கிவிடும். மஞ்சளின் செறிவைக் குறைக்கும் பிரீசெட், நேர்ந்துகொண்டு மஞ்சள் உடுத்தி வந்தவரை வெளுத்த துணி உடுத்தியவராக்கிவிடும். பால்குடத்தோடு வந்தவர் தமக்கு எடுத்த படத்தில் அந்த மஞ்சளை எதிர்பார்ப்பார். அது அவருக்கு அலங்காரம் அன்று, வேண்டுதலின் பகுதி.

இவ்வளவு சொல்வதால் இயல்பான திருத்தம் என்பது தொடாமல் விடுவது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தொடாத படம் என்று ஒன்று இல்லவே இல்லை. கேமரா தரும் ஜேபெக்கிலேயே அந்நிறுவனத்தின் நிறத்தேர்வு இருக்கிறது. கைப்பேசியோ ஒரே நொடியில் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி, வானத்தையும் முகத்தையும் தானே சமன்செய்து தருகிறது. படச்சுருள் காலத்தில் எந்தச் சுருளை வாங்குகிறோம் என்பதே ஒரு பிரீசெட்தான். ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவின்மேல் கூர்மையான பென்சிலால் முகத்தைத் திருத்தியிருக்கிறார்கள். பியானோ பயின்ற அமெரிக்கப் படக்கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் அச்சை அதன் நிகழ்த்துதலுக்கும் ஒப்பிட்டார். 1941இல் ஹெர்னான்டஸ் என்ற சிற்றூரில் அவர் எடுத்த நிலவுப் படத்தின் வானத்தைப் பிற்கால அச்சுகளில் மேலும் மேலும் கருமையாக்கினார். அது கண் பார்த்த வானம் அன்று. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த ஒரு படத்தைப் பார்த்து, அதற்கு என்ன வேண்டும் என்று அவரே கேட்டுச் செய்தார். நான் ‘இயல்பு’ என்று சொல்வது இந்தக் கேள்வியைத்தான்.

என் வழக்கம் இப்போது இப்படி இருக்கிறது. படத்தைத் திறந்ததும் சில நிமிடங்கள் எதையும் நகர்த்தாமல் பார்ப்பேன். வெளிச்சம், பிறகு வெள்ளைச் சமநிலை, பிறகு ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு. பெரும்பாலான படங்கள் அத்துடன் முடிந்துவிடும். முகம் இருண்டிருந்தால் ஆரஞ்சின் ஒளிர்வைத் தொடாமல், அந்த முகத்தின்மேல் மட்டும் மாஸ்க் இட்டு வெளிச்சத்தைக் கூட்டுவேன். முகத்தின்மேல் விளக்கைச் சற்று அருகே கொண்டுவருவது வேறு, தோலையே வேறொன்றாக்குவது வேறு. இரவில் கைப்பேசித் திரை மஞ்சளாகும் நேரத்தில் செய்த திருத்தத்தை மறுநாள் காலையில் மீண்டும் பார்க்காமல் யாருக்கும் அனுப்புவதில்லை. கூட்டாளிகளின் திருமணத்தில் 900 படங்கள் சேரும்போது பிரீசெட்டைப் பயன்படுத்துகிறேன்; ஆனால் அது அதே மண்டபத்தில், அதே விளக்கின் கீழ், அதே மணமக்களின் ஒரு படத்தைக் கையால் திருத்திய பின் நானே சேமித்தது. மேடையிலிருந்து பந்திக்கு இடம் மாறினால் அதுவும் செல்லாது. வாங்கிய தொகுப்பை நான் தூக்கி எறியவில்லை. அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துத்தான் எந்த ஸ்லைடர் என்ன செய்யும் என்பதை அதிகம் கற்றேன். தொடங்குபவர்கள் பிரீசெட்டை வாங்கலாம். வாங்கினால் அதன் அளவை 100இலிருந்து 20க்கு இறக்கி வைத்து, ஒவ்வொரு எண்ணையும் பூச்சியத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து, தம் வீட்டு மனிதர்களின் முகத்தில் அது என்ன செய்கிறது என்று பார்க்கட்டும்.

திருமணப் படங்களில் மணப்பெண்ணைக் கொஞ்சம் கலராகக் காட்டும்படி கேட்கிறவர்கள் இன்றும் உண்டு. நான் மறுத்து வாதிடுவதில்லை. வெளிச்சத்தைச் சரிசெய்து, நிறத்தைத் தொடாமல், ஒரு படத்தை மட்டும் அச்சிட்டு முதலில் பெண்ணின் கையில் கொடுக்கிறேன். இதுவரை இரண்டு பேர் அதற்குப் பிறகும் மாற்றச் சொன்னார்கள். மாற்றிக் கொடுத்தேன். படம் அவர்களுடையது.

பாட்டியின் படத்துக்குத் திரும்ப ஓராண்டுக்கு மேல் ஆனது. ராக் கோப்பு அழியாமல் இருந்தது. பிரீசெட்டை நீக்கி, முதலிலிருந்து தொடங்கினேன். சன்னலிலிருந்து பகல் ஒளியும், தலைக்குமேல் குழல்விளக்கின் ஒளியும் இருபுறமும் விழுந்திருந்தன. சன்னல் பக்கத்தை வைத்து வெள்ளைச் சமநிலையைப் பிடித்தேன். சோறு வெண்மையானது, இலை அன்று காலை அறுத்த இலையானது. நிழல்களை உயர்த்தாமல் விட்டேன். கையின்மேல் மட்டும் இழைநயத்தைச் சிறிது கூட்டியபோது, முதலில் கொடியும், பிறகு ஒவ்வொன்றாகப் புள்ளிகளும் தோலுக்கடியிலிருந்து வந்தன. எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தன. குழல்விளக்கு விழுந்த பக்கத்துச் சுவரிலும், பாட்டியின் வெள்ளை முடியின் ஓரத்திலும் மட்டும் பச்சைப் பூச்சு போல ஒரு சாயல் எஞ்சியது. மாஸ்க் இட்டு அதையும் எடுத்துவிட முடியும். அந்த விளக்கின் கீழ்தான் மாமா வீட்டில் 30 ஆண்டுகளாகச் சமைக்கிறார்கள்; அதை அப்படியே விட்டு, 8க்கு 10 அளவில் அச்சிட்டு அம்மாவிடம் கொடுத்தேன்.